ஒரே கோப்பை, வேறு வேறு வெள்ளை

பென்சிலில் கை நன்றாக ஓடத் தொடங்கிவிட்டால் அதை விட்டு வெளியே வர மனம் வராது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. முகம் வரைந்தால் சாயல் வரும், பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள், அதுவே போதுமென்று இருந்தேன். பெயிண்ட் பக்கம் போனால் அந்தப் பாராட்டெல்லாம் போய், மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். ஓவியம் பழகும் பலர் பென்சிலோ கரியோ வண்ணமோ, ஒரே மீடியத்திலேயே தங்கிவிடுவதற்குச் சோம்பல் காரணமென்று நான் நினைக்கவில்லை. இந்தக் கூச்சம்தான் காரணம்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மேசைமேல் ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பை. பக்கத்தில் ஒரே ஒரு விளக்கு. "எந்த மீடியம் எடுத்தாலும் முதலில் இதை வரைந்துவிடு. அப்புறம் உன் இஷ்டம்" என்றார். பூவோ முகமோ கொடுத்திருந்தால் அழகாக்குவதிலேயே கவனம் போயிருக்கும். வெள்ளைக் கோப்பையில் அழகாக்க ஒன்றுமே கிடையாது. வெள்ளையை எங்கிருந்து கொண்டுவருவது என்பது மட்டும்தான் பிரச்சினை. அதற்கு ஒவ்வொரு மீடியமும் வேறு பதில் சொல்லும். ஒரு மீடியத்தின் குணத்தைப் பிடிக்க இதைவிடச் சுருக்கமான வழியை நான் இன்னும் பார்க்கவில்லை.

பென்சிலில் வெள்ளை என்றால் தொடாத காகிதம். சுலபம் என்று தோன்றும். ஆனால் அந்தக் கோப்பையில் தொடாமல் விட வேண்டிய இடம் ரொம்பக் குறைவு. பக்கவாட்டில் விளக்கு விழும்போது கோப்பையின் மறுபக்கம் நல்ல சாம்பல் நிறத்தில் இருக்கும். வெளிச்சத்தில் கிடக்கும் பழுப்புத் துணியைவிட அடர்த்தியாகக்கூட இருக்கலாம். "கோப்பை வெள்ளைதானே" என்று மூளை சொல்லிக்கொண்டே இருப்பதால் கை அங்கே அழுத்த மறுக்கும். இதற்குக் கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டும். சின்னச் சின்ன விவரங்கள் மறைந்து, எது அடர்த்தி எது வெளிர் என்பது மட்டும் மிஞ்சும். சாம்பல் நிற அட்டையில் சின்ன ஓட்டை போட்டு அதன் வழியே நிழல்பக்கத்தைப் பார்த்தாலும் சரி. சுற்றியிருப்பது மறைந்ததும், வெள்ளை என்று நம்பிக்கொண்டிருந்த இடம் எவ்வளவு இருட்டு என்று தெரிந்துவிடும்.

பென்சிலுக்கு ஒரு எல்லையும் இருக்கிறது. பென்சில் குச்சி என்பது கிராஃபைட்டையும் களிமண்ணையும் கலந்து சூளையில் சுட்டது. 1795இல் பிரான்சில் கோந்தே என்பவர் காப்புரிமை வாங்கிய முறை இது. களிமண் கூடினால் ஹெச் பக்கம் கடினமாகும், குறைந்தால் பி பக்கம் மென்மையாகும். எத்தனை பி எடுத்து எவ்வளவு அழுத்தினாலும் முழுக் கறுப்பு வராது. அழுத்திய இடம் பளபளக்கத்தான் செய்யும். அந்தப் பளபளப்பு என் கண்ணை உறுத்த ஆரம்பித்த பிறகுதான் கரிக்கு மாறினேன்.

கரியில் வேலை தலைகீழ். வில்லோ கரிக்குச்சியைப் படுக்கவைத்துக் காகிதம் முழுக்கத் தேய்த்து, துணியால் துடைத்து, ஒரே சாம்பல் தளமாக்கச் சொன்னார் ஆசிரியர். அப்புறம் பிசையும் ரப்பரைக் கொடுத்தார். அதைக் கூராக உருட்டி ஒற்றினேன். விளிம்பின் வெளிச்சம் வந்தது. தட்டையாக்கி ஒற்றினேன், வயிற்றுப்பக்கத்து மேடு வந்தது. ஒரு கோடுகூடப் போடாமல் கோப்பை வந்துவிட்டது. முகத்தில் ஒவ்வொரு இமைமுடியாக வரைந்து பழகிய கைக்கு இது பெரிய விடுதலை. கரியில் நுணுக்கம் எடுபடாது, அதனால் நுணுக்கத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியாது. பெரிய வடிவம் சரியாக இருந்தால் படம் நிற்கும், இல்லாவிட்டால் நிற்காது.

கரி பழகுபவர்களுக்கு இரண்டு விஷயம். வில்லோ கரி துடைத்தால் போய்விடும், அதனால் தொடக்கத்துக்கு நல்லது. அழுத்திச் செய்த கரிக்கட்டி நல்ல கறுப்பைத் தரும், ஆனால் அழிக்க வராது. அதைக் கடைசியில், மிக இருண்ட இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தூசியை வாயால் ஊதாதீர்கள். எச்சில் பட்டால் கறை, மூச்சை இழுத்தால் நுரையீரலுக்குள் கரி. பலகையைச் சற்று முன்னால் சாய்த்துத் தட்டினால் தானாக உதிர்ந்துவிடும்.

மைக்கு வருகிறேன். பேனாவால் மையில் வரையும்போது சாம்பல் என்று ஒன்று இல்லை. கோடு இருக்கும் அல்லது காகிதம் இருக்கும். சாம்பல் வேண்டுமென்றால் கோடுகளை நெருக்கியும் விலக்கியும் கண்ணை நம்பவைக்க வேண்டும். அழிக்கவும் முடியாது. அதனால் முதல் சில நாட்கள் என் கோடுகள் எல்லாம் பயந்த கோடுகள். சின்னச் சின்னதாக, ஒன்றின்மேல் ஒன்றாக, மயிர் அடர்ந்ததுபோல் இருந்தன. கோப்பையின் வாய் ஒரு நீள்வட்டம். அதை ஒரே வீச்சில் போட்டால்தான் நீள்வட்டமாக வரும். பேனாவைக் காகிதத்தில் படாமல் காற்றில் நாலைந்து சுற்றுச் சுற்றி, கை அந்தப் பாதையைப் பிடித்ததும் அப்படியே கீழே இறக்க வேண்டும். கோணல் வந்தால் அதன் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடலாம்; இரண்டும் இருக்கட்டும். பார்ப்பவர் கண் சரியானதைத்தான் எடுத்துக்கொள்ளும்.

வான்கோவின் தூரிகைத் தீற்றல்களைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. ஆனால் 1888இல் ஆர்ல் ஊரில் இருந்தபோது நாணலைச் சீவிப் பேனாவாக்கி மையில் அவர் வரைந்த படங்களைப் பார்த்தவர்கள் குறைவு. புள்ளி, குட்டைக் கோடு, வளைவு என்று புல்லுக்கு ஒரு விதம், வானத்துக்கு ஒரு விதம், வயலுக்கு ஒரு விதமாக அடையாளங்கள் போட்டிருப்பார். அந்தக் காலத்து எண்ணெய் ஓவியங்களை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதே அடையாளங்கள் வண்ணத்தில் இருக்கும். ஒரு மீடியத்தில் கை கற்றது இன்னொன்றில் பேசுகிறது. பல மீடியங்களைப் பழகுவதால் என்ன லாபம் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்தப் படங்களைத்தான்.

ஒரு எச்சரிக்கை: நீர் படாத, அரக்குக் கலந்த இந்தியன் மையைச் சாதாரண ஃபவுண்டன் பேனாவில் ஊற்றாதீர்கள். உள்ளே காய்ந்து அடைத்துக்கொண்டால் பேனா போனதுதான். அது தொட்டு எழுதும் நிப்புக்கும் பிரஷ்ஷுக்கும் உரியது. புது நிப் மையைப் பிடிக்காமல் துளித்துளியாக உருட்டிவிட்டால் பயப்பட வேண்டாம். துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெய் அது. சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தால் சரியாகிவிடும்.

நீர்வண்ணத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் தடுமாறியது அதில்தான். சின்ன வயதில் எல்லார் கையிலும் முதலில் கொடுக்கப்படும் வண்ணம் அதுதான் என்பது ஒரு வேடிக்கை. இருப்பதிலேயே முரண்டு பிடிக்கும் மீடியம் அது. ஒளி ஊடுருவும் வண்ணம் என்பதால் வெள்ளையை மேலே பூச முடியாது. வெள்ளை காகிதத்திலேயே இருக்கிறது. அதைக் காப்பாற்ற வேண்டும். அதாவது, எந்த இடம் வெள்ளை என்பதை முதல் துளி விழுவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். பென்சிலில் வரைந்துகொண்டே யோசிக்கலாம். இங்கே யோசித்து முடித்த பிறகுதான் பிரஷ்.

கோப்பையின் நிழல்பக்கத்துக்கு அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தேன். இரண்டும் சேர்ந்தால் உயிருள்ள சாம்பல் வரும். நீலம் கூடினால் குளிர்ச்சி, பழுப்புக் கூடினால் வெதுவெதுப்பு. கறுப்பைத் தண்ணீரில் கரைத்து எடுக்கும் சாம்பல் இதன் பக்கத்தில் செத்துக் கிடக்கும். பலகையைச் சற்றுச் சாய்த்து வைத்துக்கொண்டு, பிரஷ் நிறைய வண்ணம் எடுத்து மேலிருந்து ஒரு பட்டை இழுத்தால், அதன் கீழ்விளிம்பில் வண்ணம் மணியாகத் திரண்டு நிற்கும். அடுத்த இழுப்பில் பிரஷ் அந்த மணியைத் தொட்டு அப்படியே கீழே கூட்டிப்போக வேண்டும். மணி உடையாமல் கடைசிவரை வந்துவிட்டால், பிழிந்த பிரஷ்ஷின் நுனியால் அதை உறிஞ்சி எடுத்துவிடலாம். விட்டால் அது மேலே திரும்பி ஏறி, பாதி காய்ந்த வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு காலிஃபிளவர் மாதிரி ஒரு கறையை விட்டுப்போகும். அந்தக் கறை வருவதற்கு எப்போதும் காரணம் ஒன்றுதான்: தாளில் இருக்கும் ஈரத்தைவிடப் பிரஷ்ஷில் ஈரம் அதிகம். இதைப் புரிந்துகொண்ட பிறகு, தாளைப் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்து அதன் மினுமினுப்பைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. நன்றாக மினுங்கினால் இன்னும் வண்ணம் விடலாம். மினுமினுப்பு மங்கி ஈரம் மட்டும் இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அந்த நேரத்தில் "கொஞ்சம் சரிசெய்யலாமே" என்று தொட்டால் கதை முடிந்தது.

காய்ந்ததும் நிறம் வெளிறும். ஈரத்தில் சரியாகத் தெரிந்தால் காய்ந்தபின் போதாது, அதனால் கொஞ்சம் அதிகமாகவே போட வேண்டும். எவ்வளவு அதிகம் என்பதை அதே தாளின் துண்டில் போட்டுக் காயவைத்துப் பார்ப்பதுதான் வழி. வேறு தாளில் பார்த்தால் பயனில்லை.

செலவைப் பற்றிக் கேட்டால் நீர்வண்ணத்தில் பணத்தைத் தாளில் போடுங்கள் என்பேன். முழுப் பருத்தியில் செய்த 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தாளில் மட்டமான வண்ணம்கூட ஓரளவு பேச்சைக் கேட்கும். மெல்லிய ஸ்கெட்ச் தாளில் உயர்ந்த வண்ணம் போட்டாலும் தாள் அலைஅலையாகச் சுருண்டு, வண்ணம் பள்ளத்தில் தேங்கி நிற்கும். நான் பல வாரம் என் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். தாளை மாற்றியதும் பாதிப் பிரச்சினை போய்விட்டது. வண்ணத்தில் இருபத்து நாலு நிறப் பெட்டியைவிட நல்ல தரத்தில் ஐந்தாறு ட்யூப் மேல். ட்யூபில் நிறமியின் குறியீடு இருக்கும்; பிபி29 என்றால் அல்ட்ராமரைன். நிறத்தின் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், குறியீடு மாறாது. ஒரே நிறமி உள்ள ட்யூபாக வாங்கினால் கலக்கும்போது சேறாகாது. இன்னொன்று: எல்லா நிறமும் வெளிச்சத்தைத் தாங்காது. பிஆர்83 என்ற குறியீடு கொண்ட அசல் அலிஸரின் கிரிம்சன் மங்கிப்போவதில் பேர்போனது. சந்தேகம் இருந்தால் ஒரு தாளில் நிறப்பட்டை போட்டு, பாதியை அட்டையால் மூடி, வெயில் வரும் ஜன்னலில் சில மாதம் ஒட்டிவையுங்கள்.

ஆங்கில ஓவியர் டர்னர், காய்ந்த நீர்வண்ணத்தைச் சுரண்டி அடியிலிருக்கும் தாளின் வெள்ளையை வெளியே எடுத்திருக்கிறார். அவ்வளவு பெரிய ஆளே அப்படிச் செய்யும்போது, கோப்பை விளிம்பில் ஒரு மினுக்கை பிளேடு நுனியால் கீறி எடுப்பதில் நமக்கென்ன வெட்கம்.

அக்ரிலிக்குக்கும், ஒளி ஊடுருவாத நீர்வண்ணமான குவாஷுக்கும் வந்தபோது வெள்ளை ட்யூபுக்குள் வந்துவிட்டது. இனிக் கவலை இல்லை என்று தோன்றும். கோப்பை முழுக்க ட்யூப் வெள்ளையை அப்பினால், அதைவிட வெளிச்சமான மினுக்குப் புள்ளிக்கு என்ன போடுவது? கையிருப்பில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கோப்பையின் உடம்பு முழுக்கச் சாம்பலாக இருக்க வேண்டும். சுத்த வெள்ளை ஒரே ஒரு இடத்துக்கு. பென்சிலில் கற்ற அதே பாடம் இங்கே பிரஷ்ஷில் திரும்பி வருகிறது. வெள்ளையைக் கண்டபடி கலந்தால் நிறமெல்லாம் சுண்ணாம்பு பூத்துப்போகும் என்பதையும் இங்கேதான் பார்த்தேன். மற்றபடி, அக்ரிலிக் காய்ந்தால் சற்று இருளும், குவாஷில் இருண்ட நிறம் வெளிறும், வெளிர் நிறம் இருளும். நீர்வண்ணத்திலிருந்து நேராக இவற்றுக்குத் தாவினால் கணக்குத் தப்பிக்கொண்டே இருக்கும். அக்ரிலிக் பிரஷ்ஷைத் தண்ணீருக்கு வெளியே மறந்து வைத்தால் அது குச்சி.

எண்ணெய் வண்ணம் அவசரப்படுபவர்களுக்கு ஆகாது. ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகுகிறது. அதனால் கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேல் அடுக்கில் கூடுதலாகவும் இருக்க வேண்டும், இல்லையென்றால் பின்னாளில் விரிசல் விடும். இந்த மெதுவான குணம் எனக்குக் கொடுத்தது விளிம்பு. வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் நடுவே கோப்பையின் வளைவு எங்கே திரும்புகிறது என்பதை ஈரத்தோடு ஈரமாகத் தேய்த்து, மறுநாள் வந்து பார்த்து, பிடிக்காவிட்டால் கத்தியால் வழித்தெடுத்து மறுபடி தொடங்கலாம். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் எறியாதீர்கள். இறுகும்போது உண்டாகும் வெப்பம் உள்ளேயே தேங்கி, தானாகத் தீப்பிடிக்கும். விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். டர்பென்டைன் வைத்திருக்கும் அறையில் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

இத்தனையையும் தாண்டி என் பார்வையையே மாற்றியது லினோகட், அதாவது லினோலியத் தகட்டை வெட்டி, மை தடவி அச்செடுப்பது. நான் எதிர்பார்க்கவே இல்லை. லினோவில் வெட்டியெடுத்த இடம் வெள்ளை, விட்டுவைத்த இடம் கறுப்பு. அச்சில் இடவலம் மாறி வரும். சாம்பல் கிடையாது. கோப்பையின் நிழல்பக்கம் நடுத்தரச் சாம்பலாயிற்றே, அதைக் கறுப்பில் சேர்ப்பதா வெள்ளையில் சேர்ப்பதா? நடுவில் நிற்க இடமில்லை. கறுப்பில் சேர்த்தேன். உடனே அது மேசைமேல் விழுந்த நிழலோடும் பின்னாலிருந்த இருட்டோடும் கலந்து, கோப்பையின் ஒரு பக்க விளிம்பு முழுவதும் காணாமல் போனது. அச்செடுத்துப் பார்த்தால், விளிம்பு இல்லாத அந்தப் பக்கத்தையும் கண் தானாக முடித்துக்கொள்கிறது! கோப்பை முழுசாகத் தெரிகிறது. அதுவரை ஒவ்வொரு பொருளையும் சுற்றிக் கோடு போட்டு அடைத்துவைத்துக்கொண்டிருந்தவனுக்கு இது பெரிய அதிர்ச்சி. அதற்கப்புறம் பென்சிலில் முகம் வரைந்தபோது நிழல்பக்கத்துக் கன்னத்தைத் தலைமுடியின் இருட்டில் கரையவிட்டேன். முகம் முன்னைவிடத் திரண்டு வந்தது.

ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ், உலோகத் தகட்டில் எடுக்கும் செதுக்கச்சிலும் கல்லில் வரைந்து எடுக்கும் கல்லச்சிலும் பல வருடம் பேர் பெற்றிருந்தவர். 1920இல் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாகின் மரவெட்டுகளை (மரப்பலகையை வெட்டி எடுத்த அச்சுகளை) பார்த்துவிட்டு, ஐம்பது வயதைக் கடந்த பிறகு மரவெட்டுக்கு வந்தார். முதல் உலகப் போரில் மகனை இழந்தவர். போரைப் பற்றி அவர் செய்த ஏழு மரவெட்டுகளில் மென்மையான சாம்பல் எதுவும் இல்லை. சொல்ல வந்ததற்கு மீடியம் தோதாக இருக்க வேண்டும் என்று நான் நம்புவதற்கு அவை ஒரு காரணம்.

லினோவில் கவனம்: மறுகை எப்போதும் கத்திக்குப் பின்னால். லினோ கெட்டியாக இருந்தால் கொஞ்சம் சூடுபடுத்தினால் வெண்ணெயாக வெட்டுப்படும். மழுங்கிய கத்திதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும், கூரானது அல்ல.

களிமண்ணைச் சில நாட்கள்தான் பிசைந்தேன். அதில் வெள்ளை என்ற பேச்சே இல்லை, வெளிச்சம் தானாக வந்து விழுகிறது. ஆனால் கோப்பையின் பின்பக்கத்தையும் செய்ய வேண்டியிருந்தது. வரைபவர்கள் யாரும் பின்பக்கத்தை யோசிப்பதில்லை. ஒரு தடவையாவது யோசிப்பது நல்லது.

டிஜிட்டலில் எல்லாம் கிடைக்கிறது. வெள்ளையைப் போடலாம், எடுக்கலாம், அழிக்கலாம், அடுக்கடுக்காக மறைத்துவைக்கலாம். அதுதான் சிக்கலும். முதலிலேயே அங்கே போயிருந்தால் நான் எதையும் முடிவு செய்யவே பழகியிருக்க மாட்டேன். இப்போது அதில் வரையும்போது எனக்கு நானே கட்டுப்பாடு போட்டுக்கொள்கிறேன்: ஒரே பிரஷ், ஒரே அடுக்கு, செய்ததை ரத்துசெய்யும் அண்டு பொத்தான் பக்கம் போகக் கூடாது. பெரிதாக்கிப் பார்ப்பதும் கடைசியில்தான். ஆனால் படத்தை இடவலமாகத் திருப்பிக் காட்டும் வசதி இருக்கிறதே, அது வரம். கோணல் எல்லாம் ஒரு நொடியில் தெரிந்துவிடும். தாளில் வரைபவர்கள் இதே வேலைக்கு ஒரு கண்ணாடியை எதிரே பிடிக்கலாம். திரையில் ஜொலிக்கும் பச்சையும் நீலமும் அச்சில் மங்கும். அச்சுக்குப் போகும் படமென்றால் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தொடங்கி, அச்சு மைகளுக்கான நிறமுறையான சிஎம்ஒய்கேயில் எப்படித் தெரியும் என்று இடையிடையே பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மீடியம் பழகுவது, எப்போது அடுத்ததற்குப் போவது என்று கேட்பவர்களுக்கு என் கணக்கு இது. ஒரு மீடியத்தில் வேலை கெடும்போது ஏன் கெட்டது என்று சொல்லத் தெரியாதவரை அங்கேயே இருங்கள். கெடுவதற்கு முன்பே "இது இப்போது கெடப்போகிறது" என்று தெரிய ஆரம்பித்துவிட்டால் தாராளமாக நகரலாம், அந்த அறிவு கூடவே வரும். வாரத்துக்கொன்றாக மாற்றிக்கொண்டே போனால் பெட்டி நிறையச் சாமான் சேரும், அவ்வளவுதான். ஒரே நேரத்தில் இரண்டு பழகுவதென்றால் குணத்தில் எதிரெதிரானவற்றை எடுங்கள்: நீர்வண்ணத்தோடு கரி, லினோவோடு எண்ணெய். ஒன்று கையைக் கட்டும்போது மற்றது அவிழ்த்துவிடும். எதைப் பழகினாலும் பொருள் ஒன்றாகவே இருக்கட்டும். கோப்பை கட்டாயமில்லை, முட்டையோ மடித்த வெள்ளைத்துணியோ போதும். பொருள் மாறாமல் இருந்தால்தான் மாறியது மீடியமா நீங்களா என்று பார்க்க முடியும்.

ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்திலும் தேதி, தாள், வண்ணத்தின் குறியீடு, விளக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதையெல்லாம் பென்சிலால் எழுதிவையுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், மை முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.